அக்கா வேண்டாம் என்ற நிலக்கரிக் கம்பெனி

இதுபோன்ற நினைவு மலர்களில் ‘அமைதியே உருவானவர்’, ‘அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாதவர்’ என்று எழுதுவது வழக்கம். அக்காவைப் பற்றி நான் அப்படி எழுதினால், இதைக் கையில் வாங்கும் உங்களில் பாதிப் பேர் பந்தியில் உட்கார்ந்தபடியே சிரித்துவிடுவீர்கள். அக்கா அதிர்ந்துதான் பேசுவார். எதிரில் இருப்பவர் யார், எவ்வளவு பெரியவர் என்றெல்லாம் பார்க்க மாட்டார். அதனால் உள்ளதை உள்ளபடியே எழுதுகிறேன். படித்துவிட்டுக் கோபப்படுகிறவர்கள் தாராளமாகப் படலாம். என் உரக்கடை குன்னத்தில்தான் இருக்கிறது, காலை முதல் அங்கேதான் இருப்பேன்.

அக்கா பிறந்ததும் குன்னத்தில்தான். மழையை நம்பிப் பருத்தியும் மக்காச்சோளமும் வெங்காயமும் போடுகிற குடும்பம் எங்களுடையது. அப்பா காலமானபோது அக்கா திருச்சியில் வணிகவியல் படித்துக்கொண்டிருந்தார். படிப்பை நிறுத்திவிட்டு மாப்பிள்ளை பார்க்கலாம் என்று உறவில் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். “நான் கல்யாணம் வேண்டாங்கல. படிச்சு முடிச்சுட்டுத்தான் மணையில உக்காருவேன்” என்று சொல்லிவிட்டார். சொன்னபடியே செய்தார். அரியலூரில் பெண்கள் பள்ளியில் வணிகவியல் ஆசிரியை ஆனார். மின்வாரியத்தில் இருந்த மாமாவை மணந்தார். என்னைப் படிக்க வைத்தார். எனக்குப் படிப்பு ஏறவில்லை என்று தெரிந்ததும் ஒரு மாதம் திட்டிவிட்டு, இந்த உரக்கடையை வைத்துக் கொடுத்தார்.

தொண்ணூற்றைந்து வாக்கில் அக்கா பங்குகள் வாங்கத் தொடங்கினார். அதற்கு அப்போது திருச்சிக்குத்தான் போக வேண்டும். சனிக்கிழமை பஸ் ஏறித் தரகர் ஆபீசுக்குப் போய் வருவார். “வாத்தியாரம்மா சூதாடப் போறாங்க” என்று அரியலூர் பஸ் ஸ்டாண்டிலேயே அவர் காதுபடப் பேசினார்கள். அக்கா திரும்பி நின்று, “சூதாட்டம்னு ஒதுங்கிப் போறவன் கூடப் பரவால்ல. சூதாட்டம்னு நெனச்சே உள்ள வர்றான் பாருங்க, அவன நெனச்சாத்தான் பாவமா இருக்கு” என்பார். நஷ்டப்பட்டதும் உண்டு. தேக்கு வளர்த்துத் தருகிறோம் என்ற ஒரு கம்பெனியில் பணத்தைப் போட்டு ஏமாந்தார். அதை மூடி மறைக்கவில்லை. தன் வகுப்பிலேயே மாணவிகளுக்கு அதை ஒரு பாடமாக நடத்தினார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அக்காவுக்குப் பங்குச் சந்தை என்றாலே பயம் என்று இப்போது சிலர் பேசித் திரிகிறார்கள். பயமா, அக்காவுக்கா? நல்ல கதை.

இனி, எல்லோரும் என்னை எழுத வேண்டாம் என்று சொன்ன விஷயத்துக்கு வருகிறேன்.

ரெட்டிபாளையம் பக்கம் தாத்தா வாங்கிப் போட்டிருந்த கூட்டு நிலம், சுண்ணாம்புக்கல் எடுப்பதற்காக விலைக்குப் போனது. பணம் மூன்று பாகமானது. பெரியப்பா பாகம் அவர் மகனான பாடாலூர் அண்ணனுக்கு. எங்கள் அப்பா பாகம் அக்காவுக்கும் எனக்கும். சித்தப்பா உயிரோடு இல்லாததால் அவர் பாகம் சித்திக்கு. எங்களுக்குச் சம்பளம் இருந்தது, கடை இருந்தது. அண்ணனுக்குச் சென்னை ரோட்டில் ஹோட்டல் இருந்தது. சித்திக்கு அந்தப் பணத்தை விட்டால் வேறு எதுவும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் அண்ணன் மகளுக்குக் கல்யாணம் முடிந்திருந்தது. மாப்பிள்ளையின் அப்பா, அரியலூர்ச் சாலையில் இருந்த ஒரு சின்ன நிலக்கரிக் கம்பெனியின் இயக்குநர்களில் ஒருவர். துறைமுகத்திலிருந்து வரும் நிலக்கரியை உடைத்து, சலித்து, கழுவி, கல்லையும் மண்ணையும் நீக்கிச் சிமெண்ட் ஆலைக்கு விற்பது அதன் தொழில். அதன் பங்கு சந்தையில் மலிவாகக் கிடைத்தது. அண்ணன் எங்களைப் பாடாலூருக்கு வரவழைத்தார்.

“சிமெண்ட்டு ஓடற வரைக்கும் சூளை எரியணும். சூளை எரியணும்னா கரி வேணும். இதுல யோசிக்க என்ன இருக்கு? மூணு பாகத்தையும் மொத்தமா இதுலயே போட்டுருவோம்” என்றார்.

“சூளை எரியும்ணே, அதுல சந்தேகமே இல்ல. இவங்ககிட்டதான் கரி வாங்கணும்னு சூளைக்குத் தலையெழுத்தா? கொஞ்சம் விசாரிச்சுட்டுச் சொல்றேன்” என்றார் அக்கா.

அண்ணன் முகம் சிவந்துவிட்டது. “சம்பந்தி வூட்டைப் போய் விசாரிக்கறதா? நாலு பேருக்குத் தெரிஞ்சா நான் தலை நிமுந்து நடக்க முடியுமா?”

“பொண்ணு குடுக்கறப்ப நாலு ஊர்ல விசாரிச்சீங்கல்ல? சித்தி கஞ்சி குடிக்கற காசைக் குடுக்கறப்ப விசாரிக்கக் கூடாதா?”

எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியாததல்ல. தட்டு மாற்றும் வரை பையன் பீடி குடிப்பானா என்பது வரை விசாரிப்போம். தட்டு மாற்றிய பிறகு ஒரு கேள்வி கேட்டாலும் அது சம்பந்திக்குச் செய்யும் அவமரியாதை. அந்த வழக்கத்தைக் கொண்டுபோய் ஒரு கம்பெனிக்கும் வைத்தார்கள். சம்பந்தி இருக்கிற கம்பெனி என்பதால் அதைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாதாம். அக்கா திறந்தார். அவர் செய்த குற்றம் அவ்வளவுதான்.

அண்ணன் ஒரு வேன் பிடித்து எங்கள் எல்லோரையும் கம்பெனியைக் காட்ட அழைத்துப் போனார். வாசலில் தொடங்கிச் சாலையோரம் நெடுகிலும் லாரி வரிசை. சிமெண்ட் ஆலைகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். வாசலில் லாரி நின்றால் வியாபாரம் ஓடுகிறது என்று அர்த்தம், நமக்கு வேறு அளவுகோல் கிடையாது. “பாத்தீங்களா, நிக்கிற நிப்ப! எல்லாம் துறைமுகத்துலேர்ந்து வந்த லோடு” என்றார் அண்ணன். சித்தி வேனுக்குள் இருந்தபடியே லாரிகளைப் பார்த்துக் கும்பிட்டார்.

அக்கா இறங்கிப் போய் நிழலில் உட்கார்ந்திருந்த ஒரு டிரைவரிடம் பேச்சுக் கொடுத்தார். நானும் பக்கத்தில் நின்றேன்.

“துறைமுகத்துலேர்ந்தா வர்றீங்க?”

“அதெல்லாம் இல்லீங்கம்மா. இங்கேர்ந்து ஏத்திட்டுப் போனதுதான். கல்லு ஜாஸ்தின்னு ஆலையில எறக்க விடல, திருப்பிக் கொண்டாந்துட்டோம். உள்ள எடமில்லன்னு இங்கயும் எறக்க மாட்டேங்கறாங்க. வாடகை யாரு குடுப்பான்னு தெரியாம உக்காந்திருக்கோம்.”

அண்ணனிடம் சொன்னபோது, “தொழில்னா ஒரு நாள் அப்படி இப்படி இருக்கும்” என்றார். நியாயம்தான். அதனால் அக்கா ஒரு நாளோடு விடவில்லை. என் வண்டியில் பின்னால் உட்கார்ந்துகொண்டு பள்ளி விட்ட பிறகு பல நாள் அங்கே போனார். தலையிலும் புடவையிலும் கரித்தூளோடு திரும்பி வருவார், மாமா கிணற்றடியிலேயே நிறுத்திவிடுவார். போன நாட்களில் பெரும்பாலும் அதே வரிசை, அதே கதை.

பிறகு கம்பெனியின் ஆண்டறிக்கையை வரவழைத்துப் படித்தார். விற்பனை வருஷா வருஷம் ஏறியிருந்தது. ஆனால் விற்றதற்கு வர வேண்டிய பாக்கி அதைவிட வேகமாக ஏறியிருந்தது. சரக்கு வாங்குவதோ ஒரே ஒரு ஆலை. கரி உடைக்கும் இடம் கூடக் கம்பெனிக்குச் சொந்தமில்லை, இயக்குநர் ஒருவரின் மனைவிக்கு வாடகை போய்க்கொண்டிருந்தது. இவ்வளவையும் சித்திக்கு எப்படிச் சொல்வது என்று நான் முழித்தேன். அக்காவுக்கு அது ஒரு விஷயமே இல்லை.

“சித்தி, நீங்க மண்டிக்கு வெங்காயம் அனுப்புறீங்க. அழுகல்னு திருப்பி அனுப்பிட்டான். அதையும் வித்த கணக்குல சேத்துக்குவீங்களா?”

“அது எப்படிடி சேத்துக்கறது? மூட்டை என் வூட்டுலல்ல கெடக்கு!”

“இவங்க சேத்துக்கறாங்களோன்னுதான் எனக்குச் சந்தேகம். நேராப் போய்க் கேட்டுட்டு வந்துடறேன்.”

கேட்பதற்காகவே அக்கா அந்தக் கம்பெனியின் பங்கைக் கொஞ்சம் வாங்கினார். பங்கு வைத்திருந்தால்தான் ஆண்டுக் கூட்டத்தில் பேச முடியும். திருச்சியில் ஒரு ஹோட்டலில் கூட்டம். துணைக்குப் போன என்னைக் கடைசி வரிசையில் உட்கார விட்டார்கள். அறிக்கையை வாசித்தார்கள், கை தட்டினார்கள். கேள்வி உண்டா என்று பேச்சுக்குக் கேட்டபோது அக்கா எழுந்தார்.

“ஆலையிலேர்ந்து திரும்பி வந்த சரக்கை விற்பனையில கழிச்சிருக்கீங்களா, இல்லையா? ஒரு வார்த்தையில சொன்னாப் போதும்.”

தலைவர் சிரித்தார். “டீச்சரா நீங்க? சந்தோஷம். அதெல்லாம் ஆடிட்டர் பாத்துக்குவாரும்மா. ஸ்வீட் பாக்ஸ் வாங்கிட்டீங்களா?”

“ஸ்வீட்டு கெடக்கட்டும் சார். கழிச்சிருக்கீங்களா, இல்லையா?”

மைக்கை வாங்கிக்கொண்டார்கள். அக்காவுக்கு மைக் எதற்கு? மூன்றாவது முறையும் கேட்டார். மேடையில் இருந்த சம்பந்தி தலை குனிந்து காகிதத்தைப் புரட்டினார். தலைவர் அடுத்த தீர்மானத்துக்குப் போய்விட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா சொன்னார்: “கழிச்சிட்டோம்னு சொல்லியிருந்தா நானே இன்னும் நாலு பங்கு வாங்கியிருப்பேன்டா.” அந்த வாரமே சித்தியை அழைத்துப் போய் அவர் பணத்தைத் தபால் ஆபீசில் மாத வட்டிக்குப் போட வைத்தார். நாங்களும் போடவில்லை. அண்ணன் தன் பாகத்தை மொத்தமாகக் கம்பெனியில் போட்டார்.

அதன் பிறகு நடந்ததையும் நான் மறைக்கப் போவதில்லை. அந்தப் பங்கு ஏறியது. சந்தையே பொங்கிக்கொண்டிருந்த நேரம் அது. பெரம்பலூரில் கூட ஒரு மாடியில் தரகர் ஆபீஸ் வந்துவிட்டது. லாரி ஓனரும் மருந்துக்கடைக்காரரும் வாத்தியார்களும் சாப்பாட்டை மறந்து டிவி முன்னால் நின்றார்கள். அந்த நிலக்கரிப் பங்கு பல மடங்கு ஆனது. அண்ணன் வீட்டுக்கு மாடி எழும்பியது. “வாத்தியாரம்மா கணக்குப் போட்டாங்க, வெளங்கிருச்சு போ” என்று கல்யாண வீடுகளில் பேசினீர்கள். யார் யார் பேசினீர்கள் என்று எனக்குத் தெரியும், இங்கே எழுதாமல் விடுகிறேன்.

சித்தியே ஒரு நாள் அரியலூருக்கு வந்து, “என் வாயில மண்ணள்ளிப் போட்டுட்டியேடி” என்று வாசலில் நின்று அழுதார். அக்கா அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போய், “காபி குடிச்சுட்டுத் திட்டுங்க சித்தி, தொண்டை காஞ்சு போயிருக்கு” என்றார். அண்ணன் மகளின் வளைகாப்புக்கு அக்காவுக்கு மட்டும் அழைப்பு வரவில்லை. அக்கா வளையல் வாங்கிக்கொண்டு நேராகப் போய், “கூப்பிடாட்டியும் நான் அத்தைதாங்க” என்று சபையில் சொல்லி அண்ணன் மகளுக்குப் போட்டுவிட்டு, பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்காமல் வந்தார். அன்றைக்கு மட்டும் வீட்டுக்கு வந்து அழுதார். என் அக்கா அழுததை நான் பார்த்தது அப்பாவுக்குப் பிறகு அன்றுதான். அதை நான் மறக்கவும் மாட்டேன், மன்னிக்கவும் மாட்டேன்.

பிறகு நோய் வந்தது. திருச்சி ஆஸ்பத்திரியில் கடைசி வாரங்களில் கூடவே இருந்து பார்த்துக்கொண்டவர் அதே சித்திதான். தலை வாரிவிடுவார், கஞ்சி ஊட்டுவார், ஊட்டிக்கொண்டே சண்டை போடுவார்.

“இன்னும் ஏறியிருக்காம்டி. இப்பவாச்சும் தப்புன்னு ஒத்துக்கயேன்.”

அக்காவுக்குக் குரல் போயிருந்தது. ஆனாலும் விடவில்லை. “வெல ஏறட்டும் சித்தி. நான் கேட்டதுக்குப் பதில் வந்துச்சா? அது வர்ற வரைக்கும் உங்க காசு போகக் கூடாது.”

அக்கா சொன்னது பலித்துவிட்டது என்று காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. நான் இதை எழுதும் இன்று வரை விலை மேலேதான் இருக்கிறது. கம்பெனி நாசமாகப் போகட்டும் என்று நான் சாபம் விடவும் இல்லை. எங்கள் வீட்டுப் பெண் அங்கே வாழ்கிறாள், அவள் நன்றாக இருக்கட்டும். ஆனால் விலை ஏறியதால் அக்கா தோற்றுவிட்டார் என்று எவர் சொன்னாலும் நான் ஒப்ப மாட்டேன். மூன்று முறை கேட்ட கேள்விக்கு ஒரு வார்த்தை பதில் இல்லாத இடத்தில், ஒரு விதவையின் ஒரே பிழைப்பைக் கொண்டுபோய் வைக்க வேண்டாம் என்றார். அது அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி.

நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்கிறேன். முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட மாமாவுக்கு நன்றி. ஆஸ்பத்திரி செவிலியர்களுக்கு நன்றி. ரத்தம் கொடுக்க வரிசையில் நின்ற அக்காவின் பழைய மாணவிகளுக்கு என்றும் கடமைப்பட்டிருக்கிறோம். பாடாலூர் அண்ணன் அக்காவுக்குத் தோள் கொடுத்துச் சுடுகாடு வரை வந்தார், அதற்காக அவர் காலில் விழவும் தயார். ஆனால் போன வாரம் கடைக்கு வந்து, “மலருக்கு ஆகற செலவ நான் பாத்துக்கறேன், அந்தக் கம்பெனி பேச்ச மட்டும் எடுத்துடுறா தம்பி” என்றாரே, அதற்குத்தான் முடியாது என்றேன். இந்த மலர் என் செலவில் அச்சானது.

கடைசியாகச் சித்திக்கு. உங்களுக்கு நான் நன்றி சொன்னால் திட்டுவீர்கள். அக்காவுக்குத் தாயாக இருந்தீர்கள், அவ்வளவு மட்டும் சொல்கிறேன். தபால் ஆபீசில் போட்ட பணம் தவணை முடிந்து இந்த மாதம் கைக்கு வருகிறது. பந்தி முடிந்ததும் காகிதத்தோடு உங்களிடம் வரப் போகிறார்கள், அந்தக் கம்பெனிப் பங்கை இந்த உச்ச விலையில் வாங்கித் தருவதாக. அக்கா இருந்திருந்தால் இலையிலிருந்து எழுந்து வந்து கத்தியிருப்பார். அவர் இல்லை. அதனால்தான் அச்சுப் போட்டுச் சொந்தக்காரர் அத்தனை பேர் கையிலும் கொடுத்திருக்கிறேன். நீங்கள் எழுத்துக்கூட்டித்தான் படிப்பீர்கள் என்பதால், கடைசி வரியை மட்டும் கண்ணாடி இல்லாமலே தெரியும்படி பெரிய எழுத்தில் போடச் சொல்லியிருக்கிறேன்.

கையெழுத்துப் போடாதீங்க சித்தி.