ஒரு நாள் பிந்திய வீடு

என் கணவர் அருட்பிரகாசம், யார் வீட்டுக்குப் போனாலும் அங்கே ரீவியில் ஏதாவது நேரடியாகப் போய்க்கொண்டிருந்தால், கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு யன்னலைப் பார்த்தபடி இருப்பார். பிறந்தநாள் வீடு, செத்தவீடு என்று அவருக்கு வித்தியாசமில்லை. பலகாரத் தட்டை நீட்டுகிறவர்கள் அவருடைய முதுகுக்கு நீட்டுவார்கள். பக்கத்தில் இருக்கிற எனக்கு மானம் போகும்.

அவர் லண்டனில், சட்டன் பக்கம் பஸ் ஓட்டுகிறவர். ஒரு கிழமை விடிய ஷிப்ட், மறு கிழமை பின்னேர ஷிப்ட். எந்த நிகழ்ச்சியையும் அது போகிற நேரத்தில் பார்க்க அவருக்கு வாய்த்ததில்லை. எல்லாம் மறுநாள் இன்டர்நெட்டில்தான். அப்படியிருக்க ஒரு லீவு நாள், சும்மா இருக்க ஏலாமல், ரீவி பார்க்க இந்த நாட்டில் வருடா வருடம் காசு கட்டி எடுக்கிற லைசன்ஸின் விதிகளை உட்கார்ந்து வாசித்தார். நேரடியாகப் போவதை எந்தச் சனலில் பார்த்தாலும், போனில் பார்த்தாலும், லைசன்ஸ் வேண்டும். பிபிசியின் இன்டர்நெட் சேவையான ஐபிளேயர் என்றால் போய் முடிந்ததைப் பார்க்கவும் வேண்டும். மற்றச் சனல்களில் போய் முடிந்ததைப் பிறகு பார்ப்பதற்கு வேண்டாம். அவர் பார்த்ததெல்லாம் இந்தக் கடைசி வகைதான். உடனே, இனி எதையும் நேரடியாகப் பார்க்க மாட்டேன், எங்கள் வீட்டுக்கு லைசன்ஸ் தேவையில்லை என்று லைசன்ஸ்காரருக்கு அறிவித்துவிட்டார்.

சேர்ச்சில் பூசை முடிந்து தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் ஆளுக்கொரு சட்டம் சொன்னார்கள். சுவரில் ரீவி தொங்கினாலே லைசன்ஸ் எடுக்கத்தான் வேண்டும் என்றார் ஒருவர். லப்டொப்பில் என்றால் எதைப் பார்த்தாலும் பிரச்சினையில்லை என்றார் இன்னொருவர். இவர் எல்லாருக்கும் தலையாட்டினார். லண்டனின் மறுகோடியில், வால்தம்ஸ்டோவில் இருக்கிற என் தங்கை அஞ்சலீனாதான் பொறுக்க மாட்டாமல், "அத்தான், எங்கட வீட்டிலை இருந்து பாத்தா எங்கட லைசன்ஸ் காணும்" என்று விளங்கப்படுத்தினாள். அது சட்டத்துக்குப் போதும், ஆனால் தான் ஒரு சொல் சொல்லிப்போட்டேன் என்றார் இவர். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இந்த முதுகு காட்டுகிற கூத்தெல்லாம்.

ஆரம்பத்தில் எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. பிறகு, எப்போது என்று சொல்லத் தெரியவில்லை, அது எனக்குப் பழகிப்போனது. சனிக்கிழமை நடந்தது எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைதான் நடக்கும். உதைபந்தாட்ட நாட்களில் தெருவில் திறந்த யன்னலெல்லாம் ஒன்றாகக் கத்தும். இவர் எழும்பிக் குசினிக்குப் போய், யாருடைய கோல் என்று காதில் விழாமல் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நிற்பார். மறுநாள் மத்தியானம், தெருவெல்லாம் அதை மறந்துபோய்க் கிடக்கிற நேரம், எங்கள் அறையில் அந்தக் கோல் விழும். அவர் மட்டும் மெல்லக் கை தட்டுவார். வெயில் கம்பளத்தில் நகர்ந்துகொண்டிருக்கும். எனக்கு அது இன்றா நேற்றா என்று குழம்பி, அந்தக் குழப்பம் சுகமாக இருக்கும்.

ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்.

"முடிஞ்சு போனதெண்டால் எனக்குப் பயமில்லை. இனி அதிலை ஆருக்கும் ஒண்டும் நடக்காது."

அந்தப் பதிலோடு நான் கேட்பதை விட்டுவிட்டேன்.

எங்களுக்கு ஒரே பிள்ளை, ஷெறோன். ஆரம்பப் பள்ளியில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். சின்ன வயதிலிருந்தே கேள்வி கேட்டால் வாயில் பதில் நிற்கும். அவள் ரீவியில் ஒரு பொது அறிவுப் போட்டிக்குப் போனாள். சுற்றுச் சுற்றாக வென்றாள். ஒவ்வொரு சுற்றையும் இவர் மறுநாள் பார்த்தார், அடுத்த நாள் திரும்பவும் பார்த்தார், ஷிப்டுக்குப் போகமுன் அவள் சிரிக்கிற இடத்தை மட்டும் இன்னொருமுறை பார்த்தார். இறுதிச் சுற்று மட்டும் நேரடி ஒளிபரப்பு, ஆனி மாதத்துச் சனிக்கிழமை பின்னேரம். மண்டபத்துக்கு எங்களை வரவேண்டாம் என்றாள், எங்கள் முகத்தைக் கண்டால் தனக்கு நா எழாதாம். அன்றைக்கு மட்டுமாவது லைசன்ஸ் எடுங்கோ, நான் கட்டுறன் என்று அப்பாவிடம் கெஞ்சினாள். இவர் அவளுடைய தலையைத் தடவிவிட்டு, "நாளைக்குப் பாக்கிறன் பிள்ளை" என்றார். பெற்ற பிள்ளை உலகத்துக்கு முன்னால் நிற்கிறாள், இந்த மனிசன் நாளைக்குப் பார்க்கிறாராம். நான் ரயில் ஏறி அஞ்சலீனா வீட்டுக்குப் போய்விட்டேன்.

கடைசிக் கேள்வி வரைக்கும் இரண்டு பேரும் சமம். மற்றப் பிள்ளை தன் கேள்விக்குச் சரியாகச் சொல்லிவிட்டாள். ஷெறோனுக்கு வந்த கேள்வி, சிலந்திக்கு எத்தனை கால். அஞ்சலீனா எழும்பிக் கை தட்டவே தொடங்கிவிட்டாள். என் பிள்ளை அந்த வெளிச்சத்துக்குள் நின்று, வடிவாகச் சிரித்துக்கொண்டு, "ஆறு" என்றாள்.

வருடா வருடம் அதைப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவள். அந்தச் சொல் வாயை விட்டுப் போன கணமே அவளுக்கும் தெரிந்துவிட்டது. கமரா அந்த முகத்தை விடாமல் காட்டியது. நான் எழும்பிச் செருப்பைப் போட்டேன்.

அன்றைய ரயில் பயணம் எனக்குக் கனவு மாதிரித்தான் இருக்கிறது. இவ்வளவு வெயில், இவ்வளவு சனம், எல்லாருடைய கையிலும் போன். யாருடைய போனில் என் பிள்ளை ஆறு என்று சொல்லிக்கொண்டிருக்கிறாளோ என்று பார்த்துக்கொண்டே வந்தேன். விக்டோரியா ஸ்டேசனில் மாறி ஏறினேன். வீட்டுக் கேற்றைத் திறந்து உள்ளே போனால், இவர் இடியப்பம் அவித்து, சொதி வைத்து, பிள்ளைக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பால்கறியும் வைத்து மூடியிருக்கிறார். என்னைக் கண்டதும் கையை உயர்த்தினார். நான் வாயை மூடிக்கொண்டு அறைக்குள் போய்த் தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதேன். அதையும் சத்தமில்லாமல் அழவேண்டியிருந்தது, பாருங்கள்.

ஷெறோன் வரும்போது ஒன்பது மணியாகியும் வெளிச்சம் போகவில்லை. போனை நிறுத்தி வைத்திருந்தாள். படியில் நின்று அப்பாவைப் பார்த்தாள். அவர் அவளுக்கும் கையை உயர்த்தினார்.

"சொல்லாதை பிள்ளை. நான் இன்னும் பாக்கேல்லை. வந்து சாப்பிடு."

இறுகிப்போயிருந்த அவளுடைய தோள் இளகி இறங்கியதை நான் கண்டேன். இருந்து சாப்பிட்டாள். அவர் அவளிடம் மேக்கப் போடுவார்களா, வெளிச்சம் கண்ணைக் கூசுமா, குடிக்கத் தண்ணீர் தருவார்களா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். ஒருமுறை சிரிக்கவும் செய்தாள். லண்டன் முழுக்க அவள் தோற்றுவிட்டாள், அந்த மேசையில் மட்டும் இன்னும் தோற்கவில்லை. நான் அவள் தட்டில் சொதியை விட்டுக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் அவள் பூசைக்கு வரவில்லை. இவர் சேர்ச் வாசலில் கையை உயர்த்திக்கொண்டே உள்ளே போய், கையை உயர்த்திக்கொண்டே வெளியே வந்தார். அத்தனை முகத்தையும் பார்த்து அவருக்கு ஒன்றும் விளங்கவில்லையா என்று கேட்டால், நான் சத்தியம் பண்ண மாட்டேன். மத்தியானம் நிகழ்ச்சியைப் போட்டார். கடைசிக் கேள்வி வரைக்கும் பார்த்தார். ஷெறோனுடைய முறை வருகிற இடத்தில் நிறுத்திவிட்டு, மிச்சத்தைப் பிள்ளையோடு இருந்துதான் பார்ப்பேன், வரச்சொல்லும் என்றார்.

மேலே போனேன். கட்டிலில் சுவரைப் பார்த்தபடி கிடந்தாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாம் அந்த வீடியோத் துண்டைப் போனில் பார்த்துவிட்டார்களாம். இனி அந்த வகுப்புக்குள் கால் வைக்க மாட்டாளாம். படிப்பித்தலையே விட்டுவிட்டு ஏதாவது கடையில் வேலை தேடப் போகிறாளாம். அப்பா காத்துக்கொண்டிருக்கிறார் என்றேன்.

"ஏலாதம்மா. உலகத்திலை ஒரு ஆளாவது அதைப் பாக்காமல் இருக்கட்டும்."

அப்படித்தான் அந்த மாதம் போனது. அவள் சுகயீன லீவு போட்டாள். தலைமை ஆசிரியை அன்பாகத்தான் போன் எடுத்தார், இவள் எடுக்கவில்லை. ரீவியைப் போடும்போதெல்லாம் அவள் முகம் அந்த இடத்திலேயே நிற்கும். நான் தூசி தட்டப் போனால் அங்கேயே நின்றுவிடுவேன். இன்னும் பிழை விடாத முகம். கேள்வி வரப்போகிறது என்று தெரிந்து காத்திருக்கிற கண். அந்த அறையில் நேரம் நடக்கவில்லை. பின்னேரங்களில் ஷெறோன் கீழே வந்து, ரீவிக்கு முதுகு காட்டி இருந்து, அப்பாவோடு தேத்தண்ணி குடிப்பாள். இவர் பஸ்ஸில் ஏறின சனத்தைப் பற்றிக் கதை சொல்வார். இரண்டு பேரையும் பார்க்க எனக்கு ஆறுதலாகவும் இருக்கும், பைத்தியம்போல விசர் பிடிக்கிற மாதிரியும் இருக்கும்.

ஒருநாள் விசர்தான் வென்றது. லைசன்ஸ் ஒன்று எடுத்திருந்தால் அன்றைக்கே எல்லாரும் சேர்ந்து பார்த்து, சேர்ந்து அழுது, திங்கட்கிழமை அவளை வேலைக்கு அனுப்பியிருக்கலாம், உங்களுடைய ஒரு சொல்லால் என் பிள்ளையின் வாழ்க்கை போகுது என்று கத்தினேன். அவர் கோபிக்கவில்லை.

"அவளுக்கு நேரம் வேணும். என்னட்டை அதுதான் கிடக்கு" என்றார்.

லைசன்ஸ் கதையெல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது, இந்த மனிசன் ஒரு மாதமாக அந்த இடத்தைக் கையால் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஆனால் அவர் பிடித்தாலும் சனல்காரன் பிடிக்கமாட்டான். ஒரு மாதத்தோடு நிகழ்ச்சியை எடுத்துவிடுவார்கள், அன்றைக்குக் கடைசி நாள் என்று ரீவியின் அடியில் எழுத்து வந்தது. நான் மேலே போய்ச் சண்டை பிடிக்கவில்லை. அவளுடைய கட்டிலில் இருந்து, அப்பா விடிய எழும்பி, உன் முகத்துக்கு முன்னால் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் ஷிப்டுக்குப் போகிறார், றிமோட்டை எடுக்கிறார், வைக்கிறார், நாளைக்கு அதுவும் இருக்காது என்றேன். அவள் கட்டிலை விட்டு எழும்பினாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு இறங்கிப் போனாள்.

"அப்பா, போடுங்கோ."

அவர் அவளைப் பார்த்தார். "கட்டாயமில்லைப் பிள்ளை" என்றார்.

"போடுங்கோ."

ஒரு மாதமாக நின்றுபோயிருந்த முகம் அசைந்தது. கேள்வி கேட்கிறவர் அடுத்த அட்டையை எடுத்தார். இவர் முன்னுக்கு வந்து கதிரை நுனியில் இருந்தார். சிலந்திக்கு எத்தனை கால் என்றதும் அந்த மனிசனின் முகம் மலர்ந்த மலர்ச்சியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அவள் தோற்றது தெரிந்திருந்தாலும், எந்தக் கேள்வியில் என்று சத்தியமாக அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. முடிந்துபோனதென்றால் பயமில்லை என்று சொன்னவர் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, ரீவியில் நின்றவளுக்கு மெல்லச் சொல்லிக் கொடுத்தார்.

"எட்டு. சொல்லு பிள்ளை, எட்டு."

ரீவிக்குள் நின்றவள் ஆறு என்றாள். பக்கத்தில் இருந்தவள் அவருடைய கையைப் பிடித்து, "எட்டு, அப்பா" என்றாள்.

அவர் நிகழ்ச்சியை நிறுத்தினார். அவள் பக்கம் திரும்பினார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, அதைத் துடைக்கவில்லை. கேள்வி கேட்கிறவரைப்போல நிமிர்ந்து இருந்து, "சரி" என்றார்.

திங்கட்கிழமை விடிய, அவள் பள்ளிக்கூடத்துக்குப் போக எழும்பினாள்.