வலைக்கும் தோலுக்கும் நடுவே இரண்டு நாள்

குடல் பிதுங்காமலிருக்க என் வீட்டுக்காரர் வயிற்றில் வைத்த பிளாஸ்டிக் வலை சீழ் பிடித்துவிட்டது என்று விழுப்புரத்து டாக்டர் சொன்னபோது, எனக்கு முதலில் வந்தது பயமில்லை, கோபம். குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்து ஒரு மாதம்கூட ஆகாமல், விசா முடிந்துவிடும் என்று வளைகுடாவுக்கு விமானம் ஏறிய மனுஷர் அவர். அங்கே கிடங்கில் பெட்டி தூக்கினார். வயிறு இழுத்துப் பிடிக்கிறது என்று போனில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. மெடிக்கலில் அன்ஃபிட் என்று எழுதிவிட்டால் வேலை போய்விடும் என்று, பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு நாளை ஓட்டியிருக்கிறார். தழும்பில் ஓட்டை விழுந்து நீர் கசிந்த பிறகுதான் திண்டிவனத்துக்கு வீடு வந்து சேர்ந்தார்.

எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய விஷயம் எதையும் நோயாளியிடம் சொல்லமாட்டார்கள். கூட வந்தவரை மட்டும் அறைக்குள் கூப்பிடுவார்கள். அன்றும் அப்படித்தான். அவர் வார்டில் ஜுரத்தோடு படுத்திருந்தார். டாக்டர் முன்னால் நான் மட்டும்.

"பழைய வலைய எடுத்தாகணும்மா. சுத்தமான இடம்னா பிளாஸ்டிக்தான் கெட்டி, நானே அதத்தான் வெப்பேன். சீழ் இருக்கற இடத்துல வெச்சா கிருமி அதுலயே ஒட்டிக்கும், விடாது. இவருக்கு மிருகத் தோல்ல செஞ்சத வெக்கலாம். உடம்பு கொஞ்சங்கொஞ்சமா அதைத் தன் சதையா மாத்திக்கும். ஆனா நாளாக ஆகத் தளர்ந்துபோறதும் உண்டு."

"என்ன தோலு சார்?"

டாக்டர் என் முக்காட்டைப் பார்த்துவிட்டுத் தயங்கினார். "நாளைக்கே கிடைக்கறது பன்னித் தோல்ல செஞ்சதும்மா. மாட்டுத் தோல்லயும் இருக்கு. வெளியூர்ல இருந்து வரணும், ரெண்டு நாள் கூட ஆகும். என்னைக் கேட்டா, காத்திருக்க வேணாம்."

ஐந்து வேளையும் தொழுகை தவறாத மனுஷர் என் வீட்டுக்காரர். அந்த மிருகத்தின் பெயரைக்கூட வாயால் சொல்லமாட்டார். கேட்டால் மனம் உடைந்துபோவார் என்று நானே முடிவு செய்தேன். உயிருக்கு நிர்ப்பந்தம் என்றால் மார்க்கத்தில் அதுவும் ஆகும் என்று எனக்குத் தெரியாமலில்லை. இரண்டு நாள்தானே என்று நினைத்தேன். "மாட்டுத் தோலே வரட்டும் சார்" என்றேன். அவரிடம் போய், ஏதோ சாமான் வரவேண்டுமாம் என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

ராத்திரிக்கு அவர் தம்பி துணையிருந்தார். நான் காலையில் திண்டிவனத்தில் பிள்ளைகளுக்குச் சோறாக்கி வைத்துவிட்டு பஸ் ஏறுவேன். வழியில் கூட்டேரிப்பட்டு வரும்வரை, ஜுரம் இறங்கியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அதற்குப் பிறகு அதையும் நம்பமாட்டேன். நான் கேட்ட கேள்வியில் நர்ஸுக்கு என்னைக் கண்டாலே எரிச்சல். முதல் நாள் ஜுரம் நூறு. மறுநாள் நூற்றிரண்டு. வயிறு சிவந்துபோய்த் தொடவிடவில்லை. பார்சலும் வரவில்லை. மூன்றாம் நாள் காலையில் அவர் உதடு நடுங்குவதைப் பார்த்ததும் என்னால் அடக்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவர் என்னையே பார்த்தார்.

"இதுக்கா ரெண்டு நாளா என்னைப் போட்டு வெச்சிக்கினு இருக்கற? ஒரு வார்த்த கேட்டிருந்தா ஜல்தியா வெக்கச் சொல்லியிருப்பேனே. உசுரு போற எடத்துல என்னா ஹராமு? என் நெலம அல்லாவுக்குத் தெரியாதா?"

ஓடிப்போய் டாக்டரிடம், எதுவானாலும் வையுங்கள் என்றேன். அன்று மதியமே அவரை உள்ளே கொண்டுபோனார்கள். மூன்று மணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார். சீழ் உள்ளே பரவிவிட்டதாம். பழைய வலையை எடுத்தாயிற்று. எந்தத் தோலையும் வைக்கிற நிலையில் சதை இல்லை. கழுவி, காயத்தைத் திறந்தே விட்டிருக்கிறார்கள். ஆறி ஒரு வருஷமாவது ஆன பிறகுதான் மறுபடி யோசிக்க முடியும்.

"முன்னாடியே பண்ணியிருந்தா வெச்சிருக்கலாமா சார்?" என்று கேட்டேன்.

"சொல்ல முடியாதும்மா" என்றார். ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லியிருக்கலாம். அந்தப் பதில் இன்றுவரை என்னைத் தின்கிறது.

காயம் இப்போது மூடிவிட்டது. உள்ளே குடலைத் தாங்குவதற்கு வலையும் இல்லை, தோலும் இல்லை. அவர் ஒருநாளும் என்னைக் குத்திக்காட்டியதில்லை. திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை திருப்பிக் கொடுத்து ஆறியிருப்பேன். அவருக்கு இருமல் வந்தால் போதும், அடுப்பில் எது தீய்ந்தாலும் போட்டுவிட்டு ஓடி, அவர் வயிற்றில் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு நிற்கிறேன்.