நான் அசைந்த வெள்ளிக்கிழமை

சவுதியில், ஜுபைலில் சாரம் கட்டும் குழுவுக்கு நான் ஃபோர்மேனாக இருந்தபோது, எங்கள் சைட்டுக்கு ஒரு ஜப்பான் இன்ஜினியர் வந்தார். என்னைப் போலவே ஐம்பதை நெருங்கியவர். ஊரில் அவர் குடும்பம் பல தலைமுறையாக வாள்பயிற்சிப் பள்ளி நடத்தியது. அப்பாவுக்குப் பிறகு அவர்தான் தலைவர் என்று முடிவாகியிருந்தது. கான்ட்ராக்ட் முடிந்ததும் போய்ப் பொறுப்பேற்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலைகளில் கேம்ப்புக்குப் பின்னால் மரவாளோடு நிற்பார். அந்தப் பயிற்சிக்கு எதிரே ஓர் ஆள் வேண்டும். ஒருநாள் டீ குடிக்கப் போன என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"நோ மூவ். ஓகே?"

அசையாமல் நிற்பதுதான் என் வேலை. வீசிய வாள் என் தோளுக்கு ஒரு விரற்கடை மேலே வந்து நின்றுவிடும். முதலில் கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு பழகிவிட்டது. எட்டு மாதம் அப்படி நின்றேன்.

அந்த வெள்ளிக்கிழமை ஊரில் மகள் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் இருந்தாள். சட்டைப்பையில் போன் அதிர்ந்ததும் என்னை அறியாமல் முன்னால் குனிந்துவிட்டேன். வாள் தோளில் இறங்கி, காறை எலும்பு முறிந்தது.

கிளினிக்குக்கு வந்த சேஃப்டி ஆபீசர் திருநெல்வேலிக்காரர்.

"அண்ணே, என்ன நடந்துச்சு? ரெண்டு பேரும் சேந்து கட்டை வீசி வெளையாடுனோம்னு சொன்னா உங்களையும் எக்ஸிட் அடிச்சு ஊருக்கு அனுப்பிருவாங்க, பாத்துக்கிடுங்க."

பேத்தி பிறந்த செய்தி அப்போதுதான் வந்திருந்தது. வேலை போய்விடுமோ என்ற பயத்தில், "சார்தான் கட்டையால அடிச்சாரு" என்றேன்.

இன்ஜினியரிடம் விசாரித்தபோது, "ஆமாம், என் தவறு" என்று மட்டும் சொல்லிக் கையெழுத்துப் போட்டாராம். அந்த வாரமே அவரைத் திருப்பி அனுப்பினார்கள். போவதற்கு முன் என் ரூமுக்கு வந்து, பேத்தி பிறந்ததற்கு வாழ்த்துச் சொல்லி, இடுப்பு வரை குனிந்து வணங்கினார். "ஐ டிட் நாட் ஸ்டாப்" என்றார். நான்தான் அசைந்தேன் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். "நோ ப்ராப்ளம் சார்" என்றேன்.

இரண்டு வருடம் கழித்து வந்த இன்னொரு ஜப்பான்காரர் சொல்லித்தான் தெரிந்தது: வாளை நிறுத்தத் தெரியாதவனுக்குத் தகுதியில்லை என்று அவர் பொறுப்பை மறுத்துவிட்டார். இப்போது அவருடைய சித்தப்பா மகன் பள்ளியை நடத்துகிறார்.

நம்பர் வாங்கி, போனிலேயே மொழிபெயர்த்து அனுப்பினேன்: "அன்று நான் அசைந்தேன். மறைத்துவிட்டேன். மன்னியுங்கள்."

மறுநாள் பதில் வந்தது. "அசைந்ததைப் பார்த்தேன். பேத்தி நலமா?"

நலம் என்று எழுத எனக்கு மூன்று நாள் ஆனது.