அத்தா மாட்டிய பிளக்

எங்கள் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, மெக்கானிக்குகள் என்றாலே ஆகாது. அதற்குக் காரணம் ஒரு பழைய மொபெட். நான் மிகச் சின்னவளாக இருந்தபோது அத்தா அந்த மொபெட்டுக்குத் தானே ஸ்பார்க் பிளக் மாற்றினார். உடம்பில் இருந்த பலத்தையெல்லாம் திரட்டி முறுக்கினார். அடுத்த முறை அதைக் கழற்றிய மெக்கானிக், உள்ளே பிளக்கைப் பிடித்து நிற்கும் மரை மொத்தமும் வழித்துக்கொண்டு போயிருப்பதைப் பார்த்துவிட்டு, பட்டறையில் நின்றவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி, "ஏன் பாய், பிளக்கு மாட்டுனீகளா, கெணறு தோண்டுனீகளா?" என்று கேட்டுவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அத்தா மொபெட்டைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தார். அந்தச் சிரிப்பை அவர் மறக்கவே இல்லை. அதற்கான விலையை வேறு யார் யாரோ கொடுத்தார்கள் என்பதுதான் எனக்கு இன்றுவரை தீராத கோபம்.

அத்தா ஜவுளி வியாபாரி. எங்கள் ஊரான விருதுநகரில் அவருக்கென்று கடை எதுவும் கிடையாது. ஒரு வெள்ளை வேன்தான் கடை. பின்னால் நைட்டி, உள்பாவாடை, துண்டு, பிள்ளைகளுக்கான கவுன் எல்லாம் மூட்டை மூட்டையாக இருக்கும். சனிக்கிழமை பட்டாசுக் கம்பெனிகளில் சம்பள நாள். அன்று சாத்தூர்ப் பக்கம் அச்சங்குளம் போகும் சாலையில் இருந்த ஒரு கம்பெனி வாசலுக்கு வேனைக் கொண்டுபோவோம். நைட்டி அளவைப் பெண்கள் ஆம்பளையிடம் கூச்சமில்லாமல் சொல்ல மாட்டார்கள் என்பதால் அம்மாவும் வருவாள். எனக்குப் பள்ளிக்கூடம் லீவு என்பதால் நானும் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து போவேன்.

அந்தக் கம்பெனியில் ஒரு விதி இருந்தது. எந்த வண்டியாக இருந்தாலும் கேட்டுக்கு ரொம்பத் தள்ளி, சாலையோரத்து வேப்பமரத்தடியில்தான் நிற்க வேண்டும். உள்ளே போகிறவர்களிடம் தீப்பெட்டி, பீடி, செல்போன் எல்லாவற்றையும் வாட்ச்மேன் வாங்கி வைத்துக்கொள்வார். அத்தா முதலில் வேப்பமரத்தடியில்தான் நிறுத்தினார். பிறகு ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்ந்து, கடைசியில் கேட்டுக்குப் பக்கத்திலேயே போய்விட்டார். அங்கே நின்றால் வெளியே வருகிறவர்கள் முதலில் எங்கள் வேனைத்தான் பார்ப்பார்கள். பழகிய முகம் என்று வாட்ச்மேனும் ஒன்றும் சொல்வதில்லை.

அங்கே வேலை பார்த்த பெண்களில் எனக்கு மிகவும் பிடித்தவள் மாரியக்கா. அவளும் அவள் தங்கையும் அடுத்தடுத்த அறைகளில் வேலை பார்த்தார்கள். மாரியக்காவின் உள்ளங்கைகள் எப்போதும் வெள்ளியாக மின்னும். வெடிமருந்தில் கலக்கும் பொடி அது. எவ்வளவு கழுவினாலும் ரேகைகளுக்குள் தங்கிவிடும். எனக்கு அது மருதாணியைவிட அழகாகத் தெரிந்தது. என் கன்னத்தில் அந்தக் கையை வைத்து, "இந்தா, நீயும் மினுக்கு" என்பாள். வீட்டுக்குப் போகும்வரை நான் முகத்தைத் துடைக்க மாட்டேன்.

தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்த ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து வந்த அத்தா, வேனுக்குப் புதுப் பிளக்குகள் மாற்றப்போவதாக அறிவித்தார். அந்த வேனில் எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கும். சீட்டைத் தூக்கிவிட்டு அத்தா உள்ளே குனிந்தார். மொபெட்டில் பட்ட அவமானம் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். இந்தத் தடவை பூட்டுக்குள் சாவியைத் திருப்புவதுபோல அவ்வளவு மென்மையாகத் திருகினார். ஸ்பேனரைப் பேருக்கு ஒரு தரம் வைத்து எடுத்தார்.

அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னுங் கொஞ்சம் இறுக்கி வைங்களேன்" என்றாள்.

"இறுக்குனா மரை போயிரும். ஒனக்கு என்ன தெரியும்?" என்றார் அத்தா.

அன்று சாயங்காலம் பஜாருக்குப் போகும்போதே வேன் தடுமாறியது. அடியிலிருந்து சக் சக்கென்று ஒரு சத்தம். அத்தா ஓரங்கட்டி, சீட்டைத் தூக்கி, சூட்டில் விரலைச் சுட்டுக்கொண்டு, கழன்றிருந்த பிளக்கை மறுபடி திருகினார். மறுபடியும் அதே மென்மையோடு. ஒர்க்‌ஷாப்பில் ஒரு தரம் காட்டிவிடலாம் என்று அம்மா சொன்னாள். அதற்காக அத்தா அன்று சோறு சாப்பிடவில்லை. ஒரு பிளக்குக்காகப் பட்டினி கிடந்த மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மறுநாள் கிளம்பினோம். சாத்தூர் வருவதற்குள் அந்தச் சத்தம் திரும்பிவிட்டது. நேற்றைவிடப் பலமாக இருந்தது. மேடு ஏற வேன் முனகியது. அம்மா முன்சீட்டில், எஞ்சினுக்கு மேலே உட்கார்ந்திருந்தாள்.

"கீழ என்னமோ சீறுதுங்க" என்றாள்.

"காத்து."

"காத்து இப்படியா சுடும்? நிறுத்திப் பாருங்க."

சாத்தூரில் சாலையோரம் வரிசையாக ஒர்க்‌ஷாப்புகள் இருந்தன. அம்மா ஒவ்வொன்றையும் கையை நீட்டிக் காட்டினாள். ஒவ்வொன்றைக் கடக்கும்போதும் அத்தா ஆக்ஸிலேட்டரை இன்னும் அழுத்தினார். எனக்கு இப்போது நினைத்தாலும் பல்லைக் கடிக்கத் தோன்றுவது இந்த இடத்தில்தான். ஒரே ஒரு கடை வாசலில் நிறுத்தியிருந்தால் போதும். டீ குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்திருக்கும். ஆனால் அங்கே யாராவது சிரித்துவிட்டால்?

கம்பெனி வாசலுக்கு வந்ததும், பின்கதவு கேட்டைப் பார்த்து இருக்க வேண்டும் என்பதற்காக அத்தா வேனைத் திருப்பினார். எஞ்சின் திணறியது. அத்தா ஆத்திரத்தோடு ஆக்ஸிலேட்டரை ஓங்கி மிதித்தார்.

படார் என்று வெடித்தது. அம்மா உட்கார்ந்திருந்த சீட்டு துள்ளியது. பிளக் மொத்தமாகக் கழன்று, சீட்டின் அடித்தகட்டில் போய் அடித்திருந்தது. பிளக் இருந்த ஓட்டை வழியாக எஞ்சின் நாய் குரைப்பதுபோல டமார் டமார் என்று கத்தியது. அத்தா பதறிப்போய்ச் சாவியைத் திருப்பி நிறுத்தினார். அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. சீட்டிலிருந்து இறங்கி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

 பிறகு கம்பெனிக்குள்ளிருந்து அலறல் கேட்டது.

தப்பி ஓடுவதற்கென்றே ஒவ்வொரு அறைக்கும் வைத்திருந்த நாலு வாசலிலிருந்தும் பெண்கள் பாய்ந்து வந்தார்கள். யார் காலிலும் செருப்பு இல்லை. கேட்டுக்கு வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள் எந்தப் பக்கம் திரும்பியிருந்தார்களோ அந்தப் பக்கமே ஓடினார்கள். கம்பி வேலியைத் தாண்டிக் கருவேலங்காட்டுக்குள் விழுந்து எழுந்து ஓடினார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் எரிச்சலும் வந்தது. நாளெல்லாம் வெடி செய்கிறவர்கள் ஒரு வெடிச் சத்தத்துக்கு இப்படிப் பயப்படுவார்களா? கம்பெனிக்குள்ளே எந்நேரமும் வெடித்துக்கொண்டே இருக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அங்கே சத்தமே கேட்கக் கூடாது என்பதும், ஒரே ஒரு சத்தம் கேட்டாலும் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் என்பதும் எனக்கு யாரும் சொல்லவில்லை.

அத்தா கையை உயர்த்திக்கொண்டு கேட்டுக்கு ஓடினார். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல! எதுக்கு இப்படி ஓடுறீக? பிளக்குதான தெறிச்சுது!" என்று கத்தினார். அவர் குரலில் மன்னிப்பு இல்லை. அவர்களை அதட்டினார்.

முதலில் திரும்பி வந்தவள் மாரியக்கா. வேலிக் கம்பி அவள் இடது கையை முழங்கையிலிருந்து கிழித்திருந்தது. வெள்ளி படிந்த உள்ளங்கையில் ரத்தம் ஒழுகியது. அதை அவள் கவனிக்கவே இல்லை. "சின்னவ எங்க? எங்க சின்னவளப் பாத்தீகளா?" என்று எதிரில் வந்தவர்களையெல்லாம் பிடித்து உலுக்கினாள். காட்டுக்குள்ளிருந்து அவள் தங்கையை இரண்டு பேர் தாங்கிக் கூட்டிவந்தார்கள். பாதமெல்லாம் முள். மாரியக்கா தங்கையின் முகத்தை, கையை, முதுகைத் தடவித் தடவிப் பார்த்தாள். அப்புறம் மெதுவாகத் திரும்பி அத்தாவிடம் வந்தாள்.

"பிளக்கா?" என்றாள். "எந் தங்கச்சியச் சாகக் குடுத்துட்டேன்னு நெனச்சு நான் ஓடுறேன். நீ பிளக்குங்கிற?"

அதுவரை அவள் அத்தாவை 'நீ' என்று சொன்னதில்லை. என் அத்தாவை இப்படிப் பேசுகிறாளே என்று எனக்கு அவள்மேல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என் கன்னத்தில் அவள் கை பட்ட இடங்களையெல்லாம் நினைத்து அருவருப்பாகக்கூட இருந்தது.

அத்தா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் போர்மேன் வந்துவிட்டார். அவருக்கும் கோபம்தான். "கேட்டுப் பக்கம் வண்டிய யாருய்யா விட்டது?" என்று வாட்ச்மேனை ஒரு தள்ளு தள்ளினார். அதோடு அந்தக் கோபம் முடிந்தது. உடனே பெண்கள் பக்கம் திரும்பி, "வேன் சத்தந்தான், ஒண்ணுமில்ல. எல்லாம் உள்ள போங்க. லோடு நிக்குது, சீசன் நேரத்துல நின்னு கத பேசாதீக" என்றார். ஒருத்திக்குக் கை கிழிந்திருக்கிறது, ஒருத்திக்குக் கால் முழுக்க முள், ஒருத்தி வேப்பமரத்தில் சாய்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருக்கிறாள். அவர் கண்ணில் லாரி மட்டும்தான் இருந்தது. அந்தப் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதே அறைகளுக்குள் திரும்பிப் போனார்கள். மாரியக்காவும் கையில் ஒரு கந்தலைச் சுற்றிக்கொண்டு போனாள்.

அதற்குள் ஊருக்குச் சத்தம் போய்ச் சேர்ந்திருந்தது. சாலையில் ஆட்கள் ஓடிவந்தார்கள். இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி, ஒரு பக்கம் சோப்பு நுரை அப்படியே இருக்க, பாதிச் சவரத்தில் ஒருவர், மாவு படிந்த கையோடு ஒருத்தி. ஒவ்வொருவரும் கேட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளேயிருந்து பதில் வந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்தார்கள்.

கடைசியாக ஒருவர் சைக்கிளில் வந்தார். கேரியரில் ஒரு பெரிய கட்டு வாழை இலை. அப்போதுதான் வெட்டியது, காம்பிலிருந்து பால் சொட்டிக்கொண்டிருந்தது. மூச்சு வாங்க, "எத்தன பேரு?" என்று கேட்டார்.

யாரோ, "ஒருத்தருமில்லண்ணே. பாய் வேன்ல என்னமோ வெடிச்சிருக்கு" என்றார்கள்.

அவர் வேனைப் பார்த்தார். சைக்கிளை அப்படியே கீழே போட்டார். இலைக் கட்டைத் தூக்கிவந்து அத்தாவின் காலடியில் வீசினார்.  சைக்கிளை எடுத்துத் தள்ளிக்கொண்டு வந்த வழியே போனார். அத்தா அந்த இலைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். 

அம்மா என் கையைப் பிடித்து வேனிலிருந்து இறக்கினாள். நடுரோட்டில், அத்தனை பேர் முன்னால், அத்தாவிடம் சொன்னாள்: "இனிமே இந்த வண்டில நானோ எம் புள்ளையோ ஏறணும்னா, ஒரு மெக்கானிக்கு கை வச்சிருக்கணும். இல்லன்னா நீங்களே நைட்டி வித்துக்கங்க."

அம்மா அத்தாவிடம் குரலை உயர்த்தி நான் கேட்டது அதுதான் முதல் முறை. பதிலுக்குக் காத்திராமல் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள். பாதி நடையும் பாதி ஓட்டமுமாக நான் பின்னால் போனேன்.

சாத்தூரிலிருந்து மெக்கானிக் வந்து பார்த்தபோது மற்ற பிளக்குகளும் விரலால் திருகினாலே கழன்று வந்தனவாம். அத்தா அதை ஒப்புக்கொள்ளவில்லை. கடைக்காரன் டூப்ளிகேட் பிளக்கைத் தலையில் கட்டிவிட்டான் என்றுதான் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கம்பெனி வாசலுக்கு நாங்கள் அப்புறம் போகவில்லை. மாரியக்காவின் கை ஆறியதா, தழும்பாக நின்றதா என்று எனக்குத் தெரியாது.

அந்த இலைகள் எதற்கு என்று தெரியவும் எனக்கு வெகுகாலம் ஆயிற்று. தீயில் வெந்த உடம்பைத் துணியில் கிடத்தினால் தோல் துணியோடு வந்துவிடும். அதனால் வாழை இலையில் கிடத்தித் தூக்குவார்கள். அந்தப் பக்கத்து ஊர்களில் சத்தம் கேட்டதும் கொஞ்சம் பேர் கம்பெனியைப் பார்த்து ஓடுவார்கள், கொஞ்சம் பேர் கிணற்றடி வாழையைப் பார்த்து ஓடுவார்கள்.

அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் பசி. மத்தியானம் சரியாகச் சாப்பிடவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தேன். "அந்த ஆளு அம்புட்டு எலை கொண்டாந்தாரே, எல்லாருக்கும் சோறு போடப் போறாங்களாம்மா? நாமளும் இருந்து சாப்பிட்டுட்டு வந்திருக்கலாம்ல?" என்று கேட்டேன்.

அம்மா என் வாயைப் பொத்தினாள். விருதுநகர் வரும்வரை அந்தக் கையை எடுக்கவில்லை. கிடைக்க இருந்த ஒரு விருந்தைக் கெடுத்துவிட்டாளே என்று, அவள்மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.