மூன்று செக்கன் நீலத்திரை

எழுதி வைத்துப் பார்த்தால் என்ன என்ற யோசனை, அன்று பதினோராவது தடவை படம் போனபோதுதான் வந்தது. சுவரில் இழுத்துக் கட்டிய வெள்ளை வேட்டியில் ஓர் ஆமை நீந்திக்கொண்டிருந்தது. திடீரென்று ஆமையைக் காணவில்லை. வேட்டி முழுக்க நீலம், மூலையில் சிக்னல் இல்லை என்று பொடி எழுத்து. ஒன்று, இரண்டு, மூன்று. ஆமை திரும்பி வந்தது. எப்போது போனாலும் சரியாக மூன்று செக்கன். இவ்வளவு ஒழுங்காக நடக்கிற பிழைக்கு ஒரு காரணம் இருந்தே ஆக வேண்டும். காரணம் இருந்தால் அது வருகிற நேரமும் இருக்கும். நான் துள்ளி எழுந்து ஒரு புதுக் கொப்பியைத் தேடினேன்.

தலைநகரின் வெள்ளவத்தையில், பெருஞ்சாலையான காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள ஒரு தொடர்மாடியின் மூன்றாம் தளத்தில் அம்மாவும் நானும் இருந்தோம். யுத்தம் மறுபடி தொடங்கிப் பாதை பூட்டியதால் அப்பா யாழ்ப்பாணத்தில் அகப்பட்டிருந்தார். நான் பல்கலைக்கழகம் போவதற்கான ஏ.எல். சோதனை எழுதிவிட்டு முடிவு வரும்வரை வீட்டுக்குள் கால் தரிக்காமல் திரிந்துகொண்டிருந்தேன். அந்த நேரத்தில்தான் அக்காவுக்கு டொரொன்டோவில் கலியாணம் நடந்தது. அம்மாவுக்கு விசா தரவில்லை. "நீங்கள் கலியாணத்துக்கு வரேலாட்டி, கலியாணம் உங்களிட்டை வரட்டும்" என்று அக்கா போனில் அழுது, இரண்டு மாதம் கழித்து ஒரு பெரிய பெட்டி அனுப்பினாள். உள்ளே ஒரு ப்ரொஜெக்டர், ஓர் அம்ப்ளிஃபையர், ஐந்து ஸ்பீக்கர், பேஸ் என்கிற அடிச்சத்தத்துக்கென்று தனியாக ஒரு கனத்த பெட்டி. எல்லாவற்றுக்கும் அடியில், வெல்வெட் உறையில், கலியாண டிவிடி.

எங்கள் பக்கத்தில் வெளிநாட்டுக் கலியாணத்தைப் போட்டுப் பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. நாள் பார்த்து, நல்ல நேரம் பார்த்து, சொந்தக்காரர்களுக்குச் சொல்லி, எல்லோரும் சேலையும் நகையுமாக வந்து இருந்துதான் முதல் தடவை பார்ப்பார்கள். பிறகு பந்தி வைத்துச் சாப்பாடு. அதற்கு முன் வீட்டுக்காரர் எட்டியும் பார்க்கக் கூடாது. அம்மா டிஸ்கைச் சாமித்தட்டில் வைத்துக் குங்குமமும் தொட்டு வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நாற்பது பேர் வருவார்கள். அதனால் நான் சோதித்துப் பார்த்ததெல்லாம் கடல் உயிரினங்கள் பற்றிய ஒரு டிஸ்கில்தான். வேறு டிஸ்க் போட்டும் படம் போனது, ஆகவே குற்றம் டிஸ்கில் இல்லை. கேபிளை இரண்டு தடவை மாற்றினேன். மூன்றாம் தடவை போனபோது காலி வீதிக் கடைக்காரர் சிரித்தே விட்டார்.

"நங்கி, கேபிள் எக்க ஹொந்தய். ப்ரஷ்னயக் நே."

கேபிள் நல்லதுதான் தங்கச்சி, பிரச்சினை இல்லை என்று சிங்களத்தில் சொன்னார். அப்படியென்றால் பிரச்சினை எங்கே?

அம்மா மேசையில் கச்சான் கடலை உடைத்துக்கொண்டே கேட்டார், "தாலி கட்டேக்கை உந்த நீலம் வந்தா நான் என்னடி செய்யிறது?"

"அது வெறும் வயர்ப் பிரச்சினை அம்மா."

"நீ வயர் எண்டுவாய். வந்திருக்கிற சனம் அபசகுனம் எண்டும்." உடைத்த கச்சானைத் தட்டில் போட்டபடி, "நானும் அப்பிடித்தான் நினைப்பன்" என்றார்.

அதற்குப் பிறகு நான் அதை வெறும் வயர் என்று சொல்லவில்லை. பெற்ற மகளின் தாலிகட்டை நேரில் பார்க்காதவர், வேட்டியிலும் பார்க்கப்போவது ஒரே ஒரு முதல் தடவைதான்.

கொப்பியில் பத்தி பிரித்துக் கோடு போட்டேன். படம் போன நேரம், அப்போது வீட்டில் என்ன ஓடியது, வெளியில் என்ன நடந்தது. முதல் நாளே ஓர் ஒழுங்கு தெரிந்தது. ரயில்! எங்கள் ஒழுங்கையின் முடிவில் கடலோரத் தண்டவாளம். ரயில் போகும்போது ஜன்னல் கண்ணாடி நடுங்கும், அந்த நேரத்திலேயே படமும் போகிறது. எனக்கு ஒரே சந்தோஷம். அதிர்வில் ஏதோ ஒரு முனை கழன்று ஒட்டுகிறது என்று முடிவு கட்டினேன். ரயில் வரும் நேரம், போகும் நேரம், எந்தத் திசை, எத்தனை பெட்டி என்று இரண்டு நாள் விடாமல் எழுதினேன். நான்கு பக்கம் நிறைந்தது.

மூன்றாம் நாள் மேல்வீட்டு மாமி கறிவேப்பிலை கேட்டு வந்தார். கொப்பி சோபாவில் விரிந்து கிடந்தது. எடுத்து வாசித்தவரின் முகம் வெளிறிப்போய்விட்டது.

"எடியே, என்னடி இது? கோச்சி போற நேரமெல்லாம் எழுதி வச்சிருக்கிறாய்?"

"படம் போற நேரம் மாமி. கோச்சி சும்மா பக்கத்திலை..."

"அதை ஆமிக்காரனுக்குச் சொல்லிக் காட்டு! போன கிழமைதானே பக்கத்து ஒழுங்கையிலை வீடு வீடா ஏறிச் செக் பண்ணினவங்கள். பெட்டி எத்தினை எண்டும் எண்ணி வச்சிருக்கிறாள், பாருங்கோ!"

குசினியிலிருந்து அம்மா வந்த வேகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கொப்பியைத் துண்டு துண்டாகக் கிழித்து, வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு, கூழாகும்வரை கையால் பிசைந்தார். வெள்ளவத்தையில், அந்த வருடத்தில், தமிழ்ப் பிள்ளை ஒன்று ரயில் நேரத்தைக் கையெழுத்தில் குறித்து வைத்தால் குண்டு வைக்கத்தான் என்று எடுப்பார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் சிக்னலைத் தவிர வேறொன்றையும் நினைக்கவேயில்லை. அதுதான் என் மடத்தனம்.

"இனி எழுதுறேல்லை" என்றார் அம்மா, கையைத் துடைத்தபடி.

"எழுதாமல் எப்பிடியம்மா கண்டுபிடிக்கிறது? ஞாயிறுக்கு நாலு நாள்தான் கிடக்கு."

அம்மா குசினிக்குள் போய் மூன்று கோப்பையும் ஒரு சுளகில் காய்ந்த கடலையும் கொண்டுவந்தார். "படம் போகேக்கை கோச்சி போனா இதுக்குள்ளை ஒரு கடலை. பிரிட்ஜ் உறுமினா இதுக்குள்ளை. ஒண்டுமில்லாட்டி மற்றதுக்குள்ளை. ஆர் வந்து பாத்தாலும் கடலைதானே?"

நான் அவரைக் கட்டிப்பிடித்தேன். "விடடி, கை ஈரம்" என்றார்.

இரண்டு நாள் அப்படி நடந்தது. அம்மா கீரை ஆய்ந்துகொண்டே கடல் படத்தைப் பார்ப்பார். நான் கம்பிகளோடு மல்லுக்கட்டுவேன். நீலம் வந்தால் ஒரு கடலை விழும். வெள்ளி மத்தியானம் எண்ணினோம். ரயில் கோப்பையில் பதினான்கு. பிரிட்ஜ் கோப்பையில் இரண்டு. ஒன்றுமில்லாத கோப்பையில் ஒன்பது. என் ரயில் சித்தாந்தம் அந்த ஒன்பதில் தடுக்கி விழுந்தது. முனை கழன்றால் ரயில் இல்லாத நேரத்தில் ஏன் கழல வேண்டும்?

"அந்த ஒன்பதும் பெரிய மீன், பிரிட்ஜ் ரெண்டும் அதுதான்" என்றார் அம்மா, சாதாரணமாக.

"என்ன மீன்?"

"உந்தப் பெரிய மீன் எழும்பித் தொப்பெண்டு விழேக்கைதான் போகுது. சின்ன மீனுகள் ஓடேக்கை ஒண்டும் நடக்கிறேல்லை. பெரிய மீனும் எல்லா நேரமும் இல்லை, நீ சத்தத்தைக் கூட்டி விட்டிருந்தாத்தான்."

திமிங்கிலம்! நான் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன், அம்மா படத்தைப் பார்த்திருந்தார்.

"அப்ப கோச்சி?" என்றேன்.

"கோச்சி போகேக்கை ஒண்டும் கேக்கேல்லை எண்டு நீதானே ரிமோட்டை எடுத்துக் கூட்டிறனி. அவ்வளவு கூட்டினா அலை அடிச்சாலும் போகுது."

உண்மை. கடலோரம் இருக்கிற எங்கள் எல்லோருக்கும் அது கைப்பழக்கம். ரயில் சத்தம் கேட்டவுடன் விரல் தன்பாட்டில் சத்தத்தைக் கூட்டும், போனபின் குறைக்கும். கூட்டுவது நமக்கே தெரியாது. ரயில் படத்தைத் தொடவேயில்லை. என் விரல்தான் தொட்டிருக்கிறது.

சத்தம் கூடினால் படம் ஏன் போக வேண்டும்? அம்ப்ளிஃபையர் கனடாவிலிருந்து வந்தது, நூற்றுப்பத்து வோல்ட் சாமான். எங்கள் வீட்டுக் கரண்டை நேரே கொடுத்தால் எரிந்துவிடும். அதனால் வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்க, அக்கா முன்பு அனுப்பிய மிக்ஸிக்காக வாங்கியிருந்த ஒரு சின்ன ட்ரான்ஸ்போமரில் அதைக் கொழுவியிருந்தேன். ப்ளேயரிலிருந்து படமும் அந்த அம்ப்ளிஃபையருக்குள் புகுந்துதான் ப்ரொஜெக்டருக்குப் போகிறது. அடிச்சத்தம் அதிரும்போது அம்ப்ளிஃபையர் ஒரே இழுப்பாகக் கரண்ட் கேட்கும். அந்தச் சின்னப் பெட்டியால் கொடுக்க முடியாவிட்டால்?

ட்ரான்ஸ்போமரில் இன்னொரு துவாரம் சும்மா இருந்தது. அதில் ஒரு மேசை விளக்கைக் கொழுவினேன். நம்மூர் பல்ப், பாதி வோல்ட்டில் மங்கலாகச் செம்மஞ்சளாய் எரிந்தது. திரைச்சீலையை மூடினேன். சத்தத்தைக் கூட்டினேன். திமிங்கிலம் எழும்பியது. விழுந்தது. பல்ப் சுருங்கிச் சிவப்பு நூலானது. நீலம்! சத்தத்தைக் குறைத்து மறுபடி போட்டேன். திமிங்கிலம் விழுந்தது. பல்ப் அசையவில்லை, படமும் அசையவில்லை. ஆறு தடவை செய்தேன். ஆறு தடவையும் அதே மாதிரி. நான் கூக்குரலிட்ட சத்தத்தில் மேல்வீட்டு மாமி படியிறங்கி ஓடி வந்தார்.

"இப்ப என்ன எழுதினவள்?"

"எழுதேல்லை மாமி, கண்டுபிடிச்சிட்டன்!"

நான் கை கால் ஆட்டி விளக்கி முடித்தபோது அம்மாவின் முகத்தில் சிரிப்பு இல்லை. "அப்ப தாலி கட்டேக்கை கெட்டிமேளம் அடிப்பாங்களே" என்றார். "தவிலும் நாயனமும் சேர்ந்து முழங்கும். அந்த நேரம்தானே போகும்?"

நாள் முழுக்க ஒழுங்காக ஓடிவிட்டு, சரியாக அந்த நேரத்தில், நாற்பது பேருக்கு முன்னால். இந்தப் பெட்டி அதற்காகவே செய்த மாதிரி இருந்தது.

பாதி வழி உடனே தெரிந்தது. படத்தின் நீளக் கேபிளை அம்ப்ளிஃபையரிலிருந்து கழற்றி ப்ளேயரிலேயே நேராகச் செருகினேன். ப்ளேயர் இங்கே வாங்கியது, ப்ரொஜெக்டர் எந்த வோல்ட்டையும் தாங்கும், இரண்டும் வீட்டுக் கரண்டிலேயே ஓடுபவை. திமிங்கிலம் விழுந்தது, படம் கல்லுப்போல நின்றது. ஆனால் சத்தம் ஒரு கணம் அறுந்து வந்தது.

"கெட்டிமேளம் இல்லாத தாலிகட்டா?" என்றார் அம்மா.

"சத்தத்தைக் குறைச்சு விடட்டா?"

"குறைச்சா கோச்சியிலை ஒண்டும் கேளாது."

மாமி யோசித்துக்கொண்டிருந்தார். "உது மாதிரி இரும்புப் பெட்டி பெரிசா இருந்தாச் சரிவருமோ?"

"எவ்வளவு பெரிசு மாமி?"

"மகன் கனடாவிலையிருந்து உடுப்புத் தோய்க்கிற மெஷின் அனுப்பேக்கை வாங்கினது. மெஷின் பழுதாப் போச்சு. அதுக்கு மேலை இப்ப குரோட்டன் சட்டி வச்சிருக்கிறன்."

நான் படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறினேன். பல்கனி மூலையில், குரோட்டன் சட்டியின் கீழ், மண்ணும் ஈரமுமாக ஒரு சாம்பல்நிறப் பூதம். பக்கத்தில் ஒட்டியிருந்த தகட்டைத் துடைத்து வாசித்தேன். இரண்டாயிரம் வாட். எங்களுடையது இருநூறு! துடைத்து உலர்த்தவே ஓர் இரவு போனது. சனிக்கிழமை பின்னேரம் அதைப் படுக்கை விரிப்பில் கிடத்தி, மூன்று பெண்கள் மூன்று மூலையைப் பிடித்து, ஒவ்வொரு படியாக இறக்கினோம். "பிள்ளை பெத்த நேரம்கூட இவ்வளவு முக்கேல்லை" என்றார் மாமி.

இப்போது அது ஹோல் நடுவில் இருக்கிறது. பல்ப் கொழுவியாயிற்று, அம்ப்ளிஃபையரும் கொழுவியாயிற்று. திமிங்கிலத்துக்குத் தாங்கியது. ஆனால் ஒரு தொப்பென்ற விழுகையும், நிற்காமல் முழங்கும் தவிலும் ஒன்றல்ல. உண்மையான மேளத்தைத்தான் போட்டுப் பார்க்க வேண்டும், அந்த மேளம் வீட்டில் ஓரிடத்தில்தான் இருக்கிறது. எப்படிக் கேட்பது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது அம்மா தானாகவே சாமித்தட்டுக்குப் போனார்.

"பாக்கிறேல்லை எண்டுதான் இருந்தனான்" என்றார், டிஸ்கை என்னிடம் நீட்டியபடி. "கேக்கிறேல்லை எண்டு ஆரும் சொல்லேல்லை."

ப்ரொஜெக்டரின் வயரையே சுவரிலிருந்து பிடுங்கிவிட்டேன், தப்பித்தவறியும் ஒன்றும் தெரியாமலிருக்க. உறையின் உள்பக்கத்தில் வீடியோக்காரர் வரிசை அச்சடித்திருந்தார். தாலிகட்டு ஏழாவது. ரிமோட்டில் ஏழை அழுத்துவேன். முதலில் சத்தம் பாதி. பல்ப் மங்காவிட்டால் முக்கால். அதற்கும் மங்காவிட்டால், அடுத்த ரயில் வரும்வரை காத்திருந்து, முழுதும்.