குடைத் துணியில் விழுந்த வெள்ளைக் கோடுகள்

சுலோசனா எதையும் நாக்கில் வைத்துப் பார்க்காமல் நம்பமாட்டாள். மரக்காணம் உப்பளத்தில் இருபத்திரண்டு வருஷம் உப்பு வாரியவள். பாத்தித் தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் தடவியே, உப்பு விளைய இன்னும் எத்தனை நாள் என்று சொல்லிவிடுவாள். அதற்கு முன்னால் யாராவது உப்பு வாரும் பலகையைக் கையில் எடுத்தால் அவளுக்குக் கோபம் வரும். விளையட்டும், முழுசாக விளையட்டும் என்பாள்.

அந்த நல்ல குணம்தான் காளானில் அவளைக் கவிழ்க்கப் பார்த்தது.

ஐப்பசி மழையில் உப்பளம் ஏரியாகிவிடும். தை வரைக்கும் வேலை இல்லை. சென்னைக் கல்யாண மண்டபங்களுக்குப் பாத்திரம் தேய்க்க ஆள் ஏற்றும் வேன் வருஷாவருஷம் வரும். யாரோ தின்ற எச்சில் தட்டுகளைக் கழுவி, மண்டபத்துப் பின்கட்டில் படுத்து எழும் அந்தப் பிழைப்பு அவளுக்கு வேப்பங்காய். இந்த வருஷம் ஏறுவதில்லை என்று சபதம் போட்டாள். பக்கத்து வீட்டுச் சின்னப்பாப்பாவைச் சேர்த்துக்கொண்டு கீற்றுக் கொட்டகை கட்டி, வைக்கோல் அடைத்த பைகளைத் தொங்கவிட்டுச் சிப்பிக் காளான் வளர்த்தாள். கொத்துக் கொத்தாக வந்தது. கூனிமேட்டுப் பக்கம் ரோட்டோரம் ஓட்டல் நடத்தும் பிரபாகரன் அத்தனையும் வாங்கிக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமை அவனே கூடையோடு திரும்பி வந்து நின்றான்.

"அக்கா, மேலெல்லாம் பூசணம் புடிச்சிருக்குது. இது ரெண்டாவது தடவை. இனிமே எனக்கு வேணாங்க."

"உப்புக் காத்துக்கா," என்றாள் சின்னப்பாப்பா. "உப்புதான் வந்து படியுது. நம்ம ஊருக்கு இதெல்லாம் ஒத்துவராது. வெள்ளிக்கிழமை வேன் வருதாம், நம்ம பேரைச் சொல்லிட்டு வரட்டா?"

சுலோசனாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இருந்தாலும் கை சும்மா இருக்குமா? கூடைக் காளான்களின் மேல் படிந்திருந்த வெள்ளைத் தூளை விரலில் ஒற்றி நாக்கில் வைத்தாள்.

"அடியேய், துளி உப்பில்லடி இதுல!"

கொட்டகைக்குள் ஓடினாள். ஒவ்வொரு கொத்திலும் உச்சியில் இருந்த காளான் சுத்தமாக இருந்தது. அதற்கு அடியில் இருந்தவற்றின் மேல்தான் தூள். காற்று கொண்டுவந்ததென்றால் உச்சியில் இருப்பதல்லவா முதலில் வெளுக்க வேண்டும்? மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல் உச்சிக் காளானைப் புரட்டிப் பார்த்தாள். அடிப்பக்கம் முழுக்க மெல்லிய மெல்லிய மடிப்புகள்.

மறுநாள் காலை, மழைக்காலம் என்றும் பாராமல், புருஷனுடைய கருப்புக் குடையின் துணியைக் கழற்றித் தரையில் விரித்தாள். ஓரம் மேலே மடங்கும் அளவுக்கு விரிந்த காளான் ஒன்று, ஓரம் இன்னும் உள்ளே சுருண்டிருந்த இளசு ஒன்று. மடிப்புப் பக்கம் கீழே இருக்கும்படி வைத்து ஒவ்வொன்றின் மேலும் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்தாள். சாயங்காலம் திறந்தபோது இளசுக்கு அடியில் துணி கருப்பாகவே கிடந்தது. விரிந்ததற்கு அடியில் விசிறி மாதிரி வெள்ளைக் கோடுகள், ஒரு மடிப்புக்கு ஒரு கோடு.

கத்தரிக்காயை முற்றவிட்டால் விதை; காளானை முற்றவிட்டால் இந்த வித்துத் தூள். உப்பை விட்டுவைப்பதுபோல் காளானையும் விட்டுவைத்த தன் புத்தியை நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டாள், சிரித்துக்கொண்டே.

வியாழக்கிழமை துணியோடு ஓட்டலுக்குப் போனாள். கோடுகளைப் பார்த்துப் பிரபாகரன் சிரித்தான். "மாவைத் தூவி எடுத்துட்டு வந்தீங்களாக்கா?"

"ஏம்பா, உன் மேஜை, உன் கிண்ணம். நீயே மூடு, சாயங்காலம் நீயே தொற." துணியில் கோடு படாத பக்கத்தை மேஜையில் விரித்து, பையிலிருந்து விரிந்தது ஒன்றும் இளசு ஒன்றுமாக வேறு இரண்டு காளான்களை எடுத்து வைத்தாள்.

பகல் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். டீ கொடுத்தார்கள்; திறந்த பிறகு குடிக்கிறேன் என்று தள்ளிவிட்டாள். சாயங்காலம் பிரபாகரன் கிண்ணங்களைத் தூக்கியபோது மாஸ்டர் முதல் சப்ளையர் வரை மேஜையைச் சுற்றி நின்றார்கள். ஒரு பக்கம் கருப்பு, ஒரு பக்கம் வெள்ளை விசிறி. பிரபாகரன் தொட்டு நாக்கில் வைத்தான்.

"உப்பே இல்லியே! பூசணமும் இல்ல, காளானே கொட்டுன தூளு!" என்றான். "இளசாவே கொண்டாங்கக்கா. மொத்தமும் எனக்குத்தான்."

"இப்ப டீ போடு," என்றாள் சுலோசனா. "சர்க்கரை தூக்கலா."

வெள்ளிக்கிழமை காலை வேன் வந்து கொட்டகை வாசலில் ஹாரன் அடித்தது. "ஆள் இல்லீங்க! அறுப்பு நடக்குது!" என்று உள்ளேயிருந்தே கத்தினாள் சின்னப்பாப்பா. வேன் இன்னொரு தடவை அடித்துப் பார்த்துவிட்டுப் போனது. சுலோசனா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சீக்கிரம் அறுடி, விரிஞ்சிடப் போவுது!" என்று வாழ்க்கையில் முதன்முறையாக அவசரப்பட்டாள்.