வெள்ளிப் பெயிண்டுக்கு அடியில்

சில்வர் பெயிண்ட் டப்பாவின் மூடியை ஸ்க்ரூடிரைவரால் நெம்பித் திறக்கிறபோது குப்பென்று எழும்புகிற வாசனை, மூக்கில் குத்தி நெற்றிப்பொட்டில் போய் உட்கார்ந்துகொள்கிற வாசனை, போன வாரம் ராஜபாளையத்தில் வீட்டு வாசலில் காரை நிறுத்திக் கதவைத் திறந்ததுமே என்னைப் பிடித்துக்கொண்டது. ஆயுத பூஜைக்கு இரும்புக் கேட்டைப் புதுசாக்கிக்கொண்டிருந்தார் அப்பா. ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று எத்தனையோ காலமாகியும் முதுகு வளையாத மனிதர்; பிரஷ்ஷைத் துப்பாக்கியைப் பிடிப்பதுபோலத்தான் பிடிப்பார். பை தோளிலிருந்து இறங்கும் முன்பே நான் சிறுமியாகிவிட்டேன். எங்கள் சாம்பல் நிற அம்பாசடர் தெருவில் மூக்கை நீட்டிக்கொண்டு, உயிரில்லாமல் நிற்கிற அந்த ஐப்பசிக் காலைகள் வரிசையாக வந்து நின்றன.

அந்தக் காரை அப்பா யாரிடமோ பழசாக வாங்கியிருந்தார். வாங்கியது அவர், ஓட்டியது அம்மா. அப்பா வருஷத்தில் பெரும்பகுதி எல்லையில் பனிக்குள் இருந்தார். அம்மாவோ வீட்டின் முன்னறையில் தையல் மெஷின்களைப் போட்டு, தெருப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு, நைட்டி தைத்துக்கொண்டிருந்தாள். தைத்ததைப் பொட்டலமாகக் கட்டிக் காரின் பின்சீட்டில் கூரை முட்ட அடுக்கி, ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைகளுக்கும் அங்கிருந்து வத்திராயிருப்புக்கும் அவளே கொண்டுபோய்ப் போடுவாள். கார் வருவதற்கு முன்னால் அம்மா ஒரு முதலாளிக்குக் கூலிக்குத் தைத்தவள். கார் வந்த பிறகுதான் சரக்கு அவளுடையது ஆயிற்று, கடைக்காரர்கள் அவளை "வாங்கம்மா" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். ஆகவே அந்த வண்டி நின்றால் எது நிற்கும் என்று அந்த முன்னறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு அப்பா லீவில் வந்தார். வந்த மறுநாளே பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு அதற்குள் இறங்கிவிட்டார் என்றுதான் சொல்லவேண்டும். கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, தேய்த்து, துடைத்து, உள்பக்கம் முழுக்க சில்வர் பெயிண்ட் அடித்து, காய்ந்த பிறகு ஒவ்வொன்றையும் இருந்த இடத்தில் முறுக்கி மாட்டினார். "பட்டாளத்துக்காரன் கை பட்டா பூட்ஸு மாதிரி மின்னணும்டி" என்பார். மின்னத்தான் மின்னியது. இன்ஜினைப் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம். பூஜையன்று சந்தனமும் குங்குமமும் வைத்து, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி, அம்மா காரைத் தெருமுனை வரை ஓட்டிவர, அப்பா ராஜாவைப் போலப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். லீவு முடிந்து அவர் ரயிலேறிய வாரமே வண்டி மக்கர் பண்ணத் தொடங்கியது.

காலையில் அம்மா, டாஷ்போர்டிலிருந்து இன்ஜினுக்குப் போகிற சோக் கம்பியை இழுத்துப் பிடித்தபடி ஸ்டார்ட்டரைப் போடுவாள். "கொர்ர்... கொர்... க்..." நெஞ்சுச் சளி கட்டிய கிழவரின் இருமல்போல அது தேய்ந்து அடங்கும். அடுத்த நிமிஷம் அம்மா கண்ணாடியை இறக்கிக் குரல் கொடுப்பாள். மெஷின்கள் நின்று, பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெளியே வருவார்கள். அவர்களுக்குத் தலைவி முத்துமாரி அக்கா. வாய்தான் அவளுக்கு முதல் மெஷின்.

"ஆண்டாள் தேருக்குக்கூட வடம் இருக்கு, இந்தத் தேருக்கு நம்ம கைதான் வடம். தள்ளுங்கட்டி!"

எதிர்வீட்டுத் தெலுங்கு அம்மாள் வாசலில் கோலப்பொடியோடு நின்று "தோயண்டி, தோயண்டி" என்று தன் பாஷையில் தள்ளச் சொல்லி ஊக்கப்படுத்துவார், ஒருநாளும் கைகொடுத்ததில்லை. தெரு இறக்கத்தில் வண்டி உருண்டு, ஒரு குலுக்கலோடு உயிர் வந்து, கரும்புகை கக்கும். பெண்கள் கைதட்டுவார்கள். அம்மா கை காட்டிவிட்டுப் போவாள். ஆனால் போகும் வழியெல்லாம் டாஷ்போர்டில் சார்ஜ் லைட் அணையாமல் மினுக்கு மினுக்கென்று சிவப்பாக எரிந்துகொண்டே இருக்கும், அம்மாவின் கண் பாதி ரோட்டிலும் பாதி அதிலுமாக இருக்கும். போன கடைகளில் இன்ஜினை அணைக்காமலே சரக்கு இறக்குவாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் சார்லஸ் அண்ணன் என்று ஒரு எலக்ட்ரீஷியன் இருந்தார். சர்ச்சில் பாடுகிற குரல், வேலை செய்யும்போதும் ஏதாவது முனகிக்கொண்டே இருப்பார். முதலில் பேட்டரி மூடிகளைத் திறந்து தண்ணீர் பார்த்தார். உறிஞ்சுகுழாயை விட்டு ஆசிட்டை இழுத்து, உள்ளே மிதவை எந்தக் கோட்டில் நிற்கிறது என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "செத்துப்போகலக்கா, பட்டினி கிடக்கு" என்றார். சார்ஜ் ஏற்றிக் கொடுத்தார். முதல் நாள் முக்கி முனகி ஸ்டார்ட் ஆனது, பொறவு பழைய கதை. பட்டினி என்றால் சோறு போடுகிறவன்மேல்தானே சந்தேகம், டைனமோவைக் கழற்றினார். தேய்ந்த கார்பனை மாற்றினார். மேஜையில் வைத்து ஓட்டிப் பார்த்தால் அது சமர்த்தாக கரண்ட் கொடுத்தது. பெல்ட்டை இறுக்கினார். டைனமோவிலிருந்து பேட்டரிக்குக் கரண்டைத் திறந்துவிட்டு மூடுகிற கட்‌அவுட் டப்பாவைத் திறந்து, உள்ளே நாக்குபோல ஒட்டி ஒட்டிப் பிரிகிற பாயிண்டுகளைத் தேய்த்தார். கடைசியில் மனம் கேட்காமல் தன்னிடமிருந்த வேறொரு பேட்டரியையே மாட்டி அனுப்பினார். அதுவும் இரண்டொரு நாளில் சுருண்டது.

"எல்லாப் பயலும் தனித்தனியா விசாரிச்சா யோக்கியனா இருக்கான். ஒண்ணாச் சேர்ந்தா திருட்டு நடக்குது" என்று சார்லஸ் அண்ணன் தலையைச் சொறிந்தார்.

தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. முன்னறையில் சரக்கு மலைபோல ஏறிக்கொண்டிருந்தது. அப்பாவின் அண்ணன், எங்கள் பெரியப்பா, போலீஸ்காரர். வீட்டில் அப்பா இல்லாதபோது தீர்ப்புச் சொல்கிற பொறுப்பு தனக்கு என்று நினைப்பவர். ஒரு சாயங்காலம் வந்து, காரைச் சுற்றி ஒரு நடை நடந்து, "பொம்பளைப் பிள்ளைக தெருவுல நின்னு வண்டி தள்ளுறது நல்லாவா இருக்கு? வ. புதுப்பட்டியில ஒரு தேங்கா வியாபாரி கேக்காரு. தள்ளிவிட்ரலாம்" என்றார்.

"தெனமும் தள்ளத்தானே செய்யுதோம்" என்று உள்ளிருந்து முத்துமாரி அக்காவின் குரல் வந்தது.

பெரியப்பா சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் வியாபாரியோடு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அன்று ராத்திரி அம்மா சாப்பிடாமல் பொட்டலங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். கார் போனால் சரக்கை எந்த பஸ்காரன் ஏற்றுவான். ஏற்றவில்லையென்றால் மறுபடியும் அந்த முதலாளி வீட்டுப் படி.

வியாழக்கிழமை அம்மாவும் நானும் கடைசி முறையாக ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனோம். வன்னியம்பட்டி தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. வைப்பரைப் போட்டால் ஹெட்லைட் மங்குகிறது, ஹெட்லைட்டைப் போட்டால் வைப்பர் பாதிக் கண்ணாடியில் தூங்குகிறது. எப்படியோ பட்டறைக்குள் போய் நுழைந்ததும் வண்டி தானாகவே அடங்கியது. சார்லஸ் அண்ணன் குடை பிடித்துக்கொண்டு வந்தார். செத்த நேரம் மழையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போது அம்மா, சொல்லலாமா வேண்டாமா என்று பல நாள் வைத்திருந்த பேச்சைப்போலச் சொன்னாள்:

"தம்பி, ஒண்ணு கேட்டா சிரிக்கக் கூடாது. காலைல ஸ்டார்ட்டரைப் போடும்போது சோக் கம்பி கையச் சுடுது."

அவர் சிரித்தார். "இன்ஜின் சூடு ஏறியிருக்கும்க்கா."

"ராவெல்லாம் பனியில கிடந்த இன்ஜினுக்கு ஏது தம்பி சூடு? வண்டி ஐஸா இருக்கு, கம்பி மட்டும் தோசைக்கல்லா இருக்கு."

சிரிப்பு அவர் முகத்திலேயே பாதியில் நின்றுவிட்டது. ஒரு பேட்டரியை மாற்றி மாட்டி, காருக்குள் கையை விட்டு சோக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இப்ப அடிங்க" என்றார். கொர்ர் என்றது. "மாதாவே!" என்று கையை உதறிக்கொண்டு வெளியே பாய்ந்தார். உதறின கையோடேயே டெஸ்ட் லாம்பைத் தேடி எடுத்து, ஒரு முனையை இன்ஜினிலும் மறுமுனையைக் காரின் பாடியிலும் வைத்து, மறுபடி அடிக்கச் சொன்னார். எரியவே கூடாத அந்த இடத்தில் குண்டு பல்பு பளிச்சென்று எரிந்தது.

பேட்டரியிலிருந்து போகிற கரண்ட் வேலையை முடித்துவிட்டு வீட்டுக்குத் திரும்பவேண்டும் அல்லவா, அதற்கு இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவில் பின்னல் ஜடைபோல ஒரு செம்புப் பட்டை உண்டு, எர்த் பட்டை என்பார்கள். அந்தப் பெரிய ரோடு எங்கோ அடைபட்டு, பாவம் அத்தனை கரண்டும் சோக் கம்பி என்கிற ஒற்றையடிப் பாதையில் முண்டியடித்துக்கொண்டிருந்தது. டைனமோ கொடுத்த சார்ஜும் அதே பாதையில் திணறியது. அதனால்தான் பேட்டரிக்குப் பட்டினி.

"பட்டை புதுசுமாதிரி இருக்கேன்னு நான் ஒருநாளும் அதைத் தொடலக்கா" என்றபடி சார்லஸ் அண்ணன் போல்ட்டைக் கழற்றினார். பட்டைக்கு அடியில், பாடியின் இரும்பில், முகம் பார்க்கிற கண்ணாடிபோல வழவழவென்று சில்வர் பெயிண்ட். மேலே பட்டையின் காதிலும் அடியிலும் பக்குவமாக ஒரு கோட்டிங். வெள்ளியாக மின்னினாலும் பெயிண்ட் வழியே கரண்ட் போகாது. எலி கடிக்கவில்லை, துரு பிடிக்கவில்லை. அப்பாவின் பாசம்தான் அங்கே பூசிக் கிடந்தது.

அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். எங்கே அழுதுவிடுவாளோ என்று நான் பயப்படும்படி சிரித்தாள். சார்லஸ் அண்ணன் உப்புத்தாளால் அந்த இடத்தைச் சுரண்டி, வெறும் இரும்பு தெரிந்த பிறகு பட்டையை முறுக்கினார். ஒரே அடி. வண்டி குதிரைபோலச் சிலிர்த்துக்கொண்டு எழுந்தது. டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு, ஒரு பொட்டை அழித்ததுபோல, இல்லை.

மறுநாள் விடியக்காலையில் பெரியப்பாவும் தேங்காய் வியாபாரியும் வந்தார்கள். கார் பனியில் நனைந்து நின்றது. பெண்கள் பழக்கதோஷத்தில் சேலையைச் செருகிக்கொண்டு தயாராகப் பின்னால் போய் நின்றார்கள். அம்மா சோக்கை இழுத்தாள். கம்பி குளிர்ந்திருந்தது என்று அவள் முகமே சொன்னது. இன்ஜின் பிடித்தது. அணைத்தாள். மறுபடி போட்டாள், மறுபடியும் பிடித்தது. "அப்பம் எங்களுக்கு வேலை போச்சா?" என்று முத்துமாரி அக்கா இடுப்பில் கைவைத்துக் கேட்டாள்.

பெரியப்பா மீசையைத் தடவிக்கொண்டு நெடுநேரம் இன்ஜின் ஓடுகிற சத்தத்தைக் கேட்டார். பிறகு வியாபாரியைப் பார்த்து, "ஏறுங்க அண்ணாச்சி. அவளே ஒங்கள பஸ் ஸ்டாண்டுல எறக்கிவிடுவா" என்றார். விலைபேச வந்த மனிதர் நைட்டிப் பொட்டலங்களுக்கு நடுவில் ஒடுங்கிக்கொண்டு போன காட்சியை எங்கள் தெரு அந்தத் தீபாவளி முழுக்கப் பேசிச் சிரித்தது.

அப்பாவிடம் அம்மா எதையும் சொல்லவில்லை. அடுத்த லீவில் வந்தவர் பானெட்டைத் திறந்ததுமே, தன் வெள்ளிப் பரப்பின் நடுவில் சொறிபோல இருந்த அந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார். "எவன்டி இப்படிச் சுரண்டி வச்சது?" என்று பிரஷ்ஷை எடுத்தவரை நோக்கி, அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தாள் அம்மா. அந்த வீட்டில் அம்மா அப்பாவை அதட்டி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கதையைக் கேட்டு முடித்த அப்பா பிரஷ்ஷைக் கீழே வைத்தார். பிறகு அந்த இடத்தில் மட்டும் விரலால் கிரீஸைத் தொட்டு மெல்லத் தடவினார், குழந்தையின் காயத்துக்கு மருந்து போடுவதைப்போல.

இப்போது டைனமோ இல்லை, சோக் கம்பி இல்லை, தண்ணீர் ஊற்றுகிற பேட்டரியும் இல்லை. என் புதுக் காரில் பானெட்டைத் திறந்தால் மேலே ஒரு பிளாஸ்டிக் மூடி, உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது. தள்ளிய பெண்களில் பாதிப்பேர் சொந்தமாக மெஷின் போட்டுவிட்டார்கள். முத்துமாரி அக்கா இரண்டு சின்ன வேன் வைத்திருக்கிறாள். அம்பாசடர் மட்டும் ஷெட்டில் இருக்கிறது. அம்மா இப்போதும் அதை எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போய்வருகிறாள். எர்த் பட்டை பிடிக்கிற அந்த இரும்பு இன்றைக்கும் வெறும் இரும்பாகத்தான் இருக்கிறது.

பூஜை முடிந்து நான் கிளம்பினேன். அப்பா டப்பாவும் பிரஷ்ஷுமாக என் காரை நெருங்கி, "ஏட்டி, செத்த பெயிண்ட் மிச்சம் கிடக்கு. பானெட்டைத் தொற பாப்போம்" என்றார்.

கேட்டுக்குப் பின்னாலிருந்து அம்மா கத்தினாள்: "நிக்காதடி, வண்டிய எடு! போய்ட்டுப் போன் பண்ணு!"